கடல் எங்கள் கந்தோரை நோக்கி ஓடிய நாட்கள்

எழுபதுகளின் தொடக்கம் அது. கச்சான் காற்று ஓய்ந்து, வாடை இன்னும் எழும்பாத இடைக்காலம். திருகோணமலைத் துறைமுகத்தின் வாய்க்குச் சற்று உள்ளே, கரையோரத்து ஓட்டுக் கட்டடம் ஒன்றில், துறைமுகத்தை அளக்கும் அரசாங்க அலுவலகமான எங்கள் கந்தோர் இருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது. அப்போது எனக்கு இளமை இருந்தது, தலைமயிர் இருந்தது, ஒன்றை வடிவாகப் படம் வரைந்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இப்போது மூன்றுமே இல்லை. முதல் இரண்டும் தாமாகப் போயின. மூன்றாவது போன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

துறைமுகத்தின் உட்பக்கக் கரையில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை கட்டுவதென்று கொழும்பில் பேசி முடித்திருந்தார்கள். சவர்க்காரம், அதுதான் சோப், காய்ச்சினால் காரத்தண்ணீர் மிஞ்சும். அதைக் குழாய் வழியாகக் கடலில் விடவேண்டும். குழாய் வாயை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. எதிர்க்கரையில், கிண்ணியாப் பக்கம், ஆழமில்லாத சேற்றுக்கடலில் பெண்கள் முழங்காலளவு தண்ணீரில் குனிந்து நின்று மட்டிச் சிப்பி எடுப்பார்கள். பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த மட்டியால். காரத்தண்ணீர் அந்தப் பக்கம் போனால் மட்டி செத்துவிடும். துறைமுக வாயைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போனால் யாருக்கும் நட்டமில்லை. எந்தப் பக்கம் போகும் என்று அளந்து சொல்லவேண்டிய பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது.

எங்கள் பொறியியலாளர் யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்டுக்கொண்டு, கணக்குக்கு அடங்காத பொருள் உலகத்தில் இல்லை என்று நம்பினார். துறைமுகத்தின் ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் எந்தப் பக்கமாக, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை அம்புக்குறிகளால் காட்டும் ஒரு படம் வேண்டும் என்றார். அம்பு வரைவது என் வேலை. அளப்பதற்கு எங்களிடம் ஒரு நீரோட்டமானி இருந்தது. சின்ன விசிறி வைத்த அருமையான கருவி. அது திருத்துவதற்காகக் கொழும்புக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது.

“ஏதாவது மிதக்க விட்டுப் பாப்பம், தம்பி” என்றார் பொறியியலாளர்.

போத்தல் சரிவராது. பாதி உடம்பு வெளியே நின்றால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நாங்கள் அளக்கவேண்டியது தண்ணீரை. செவ்விளநீர் விடுவோம் என்று யோசனை சொன்னவன் நான்தான். செவ்விளநீர் உச்சந்தலையை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கும், ஏறத்தாழ ஓர் அரசாங்க உத்தியோகத்தரைப் போல. காற்றுக்கு அசையாது, தண்ணீர் போகிற பக்கம் போகும். பொறியியலாளர் என் முதுகில் தட்டினார்.

முதல் நாள் விட்ட இளநீர்களை மாலையில் தேடிப் பிடித்தோம். எல்லாமே இருந்தன. எல்லாவற்றுக்கும் உச்சி சீவியிருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரில்லை. கடலில் போகிறவனுக்குத் தாகம் எடுக்கும், எதிரே இளநீர் மிதந்து வரும், அவன் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் குடிப்பான். இதை முன்னாலேயே யோசித்திருக்க எந்தப் பட்டமும் தேவையில்லை.

“அரசாங்கச் சொத்து எண்டு தெரியவேணும்” என்றார் பொறியியலாளர். அதனால் இளநீருக்குச் சிவப்பு வளையம், அதற்குள் எங்கள் திணைக்களத்து முக்கோணம், கீழே இலக்கம் என்று பெயின்ற் அடித்தேன். அதே முக்கோணம் எங்கள் இயந்திரப் படகான லோஞ்சின் பக்கவாட்டிலும் இருந்தது. காலையில் லோஞ்சில் போய்த் துறைமுகத்தின் பல இடங்களில் அவற்றை இறக்கிவிட்டுக் கந்தோருக்குத் திரும்பித் தேநீர் குடிப்போம். பெற்றோல் தட்டுப்பாடு, பின்னாலேயே போய்க்கொண்டிருக்க ஏலாது. விட்ட இடமும் சேர்ந்த இடமும் தெரிந்தால் போதும், நடுவில் இளநீர் என்ன செய்கிறது என்பது அதன் சொந்த விஷயம் என்று தீர்மானித்தோம்.

பெயின்ற் வேலை செய்தது. அதன் பிறகு ஒருவரும் குடிக்கவில்லை. மாலையில் தேடப் போகவேண்டிய தேவையும் இல்லாமல் போனது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு இளநீரும் எங்கள் கந்தோர் இறங்குதுறைக்கு முன்னால் வந்து ஆடிக்கொண்டு நின்றன! கிண்ணியாப் பக்கம் விட்டதும் வந்தது. சீனக்குடாப் பக்கம் விட்டதும் வந்தது. கடல் வற்றும்போதும் வந்தன, பெருகும்போதும் வந்தன. நான் அம்புகளை வரைந்தேன். படத்தில் துறைமுகம் முழுவதும் அழகாகச் சுருண்டு, வளைந்து, எங்கள் கந்தோரை நோக்கி ஓடியது.

பொறியியலாளர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இது வெறும் நீரோட்டமில்லை. இது ஒரு தோற்றப்பாடு, இயற்கை அதிசயம்.”

“பெருக்குக்கு எதிராகவும் வருகுதே, சேர்?”

“அதுதான் நானும் சொல்லுறன். தோற்றப்பாடு.”

அதற்கு ஒரு கணக்கும் போட்டார். சந்தேகம் கடினமாகும்போதெல்லாம் அவருடைய கணக்கும் கடினமாகும். கடைசியில் சந்தேகம்தான் களைத்துப்போகும். எங்கள் கந்தோரைத் தாண்டினால் துறைமுக வாய். அதைத் தாண்டினால் திறந்த கடல். ஆகவே உட்பக்கக் கரையில் குழாயை வைத்தால் காரத்தண்ணீர் எங்கள் வாசலால் வெளியே போய்விடும், மட்டிக்கு ஒன்றும் ஆகாது. அறிக்கை தயார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வந்து கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. அந்த நீர்ச்சுழிக்கு உலகம் என்ன பெயர் வைக்கும் என்று நான் இரவில் யோசித்ததுண்டு. என் பெயர் கொஞ்சம் நீளம். ஆனாலும் அட்லஸில் பொடி எழுத்தில் போட்டால் கொள்ளும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவில் ஒரு சிநேகிதன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. திரும்பும்போது நகரத்துக்கு வரும் ஒரு வள்ளத்தில் ஏறினேன். ஓட்டியவர் வயதான முஸ்லிம் மனிதர், ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். என்னைத் தவிர இன்னொரு ஆள் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். மட்டி நிறைந்த கூடைகளை நடுவில் வைத்து, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, வள்ளமே தன்னுடையது என்பதுபோல உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி, அக்கா என்ற மரியாதையில், நான் அவரை ராத்தா என்றே கூப்பிட்டேன். நடுத்துறைமுகத்துக்கு வந்ததும் அவர் கையை நீட்டினார்.

“காக்கா, அந்தா ஒண்டு மிதக்குது. கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கோ.”

“விடு புள்ள. நேத்தும் ஏத்தி முதுகு விட்டுப்போச்சு.”

“ஆரோ ஒரு மனுசன்ட சாமான். அவன் தேடித் திரிவான். கண்டுட்டுக் காணாத மாதிரிப் போக ஏலுமா?”

காக்கா முணுமுணுத்துக்கொண்டு வள்ளத்தைத் திருப்பினார். ராத்தா குனிந்து, சிவப்பு வளையமும் முக்கோணமும் போட்ட என்னுடைய செவ்விளநீரைத் தூக்கி மட்டிக் கூடைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். வெள்ளிக்கிழமை விட்டதில் அது ஒன்றுதான் வந்து சேராமல் இருந்தது. குனிந்து அதன் இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

“ராத்தா, இதை என்ன செய்யப்போறீங்கள்?”

“கந்தோருக்கு முன்னால கொண்டு போய்த் தண்ணியில விடுவம்” என்றார், இதையெல்லாம் கேட்கவேண்டுமா என்ற முகத்தோடு. “குறி போட்ட மிதப்பு வலையிலிருந்து அறுந்து வந்தா ஆரும் கரைக்கு ஏத்தமாட்டம், தம்பி. ஏத்தினா களவு. உடையவன்ட துறைக்கு முன்னால கொண்டு போய்த் தண்ணியிலயே விட்டிருவம். அவன் கண்டு எடுத்துக்கொள்ளுவான்.”

“கந்தோருடையது எண்டு எப்பிடித் தெரியும்?”

“அந்த லோஞ்சில இதே முக்கோணம் போட்டிருக்கே. கந்தோர்க்காரன் பாவம், ஒவ்வொரு நாளும் துலைக்கிறான். வலையை ஒழுங்காக் கட்டத் தெரியாத மனுசன் போல கிடக்கு.”

“புத்தியும் மட்டு” என்றார் காக்கா. “இளநீர ஆராவது வலைக்குக் கட்டுவானா?”

“நீங்கள் மட்டுமா கொண்டு போறனீங்கள்?”

“எல்லாரும்தான். மூதூருக்கு ஆள் ஏத்துற லோஞ்சுக்காரர், வலைக்காரர், காண்கிற ஆக்கள் எல்லாரும். நாலு பேர் செய்தாத்தானே ஒரு மனுசன் பிழைப்பான்!”

அந்தப் புத்தி மட்டான மனுசன் நான்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னதும் காக்கா துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், வள்ளத்தில் தனியாக அழுவதற்கு இடமில்லை.

இவ்வளவு காலம் இந்தத் தண்ணீரில் கிடந்தவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை எனக்கு. “தொழிற்சாலைக் கரையிலிருந்து ஓட்டம் எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டேன். காக்கா கிழக்கே கையைக் காட்டினார். ராத்தா மேற்கே காட்டினார். பிறகு இருவரும் சண்டை பிடித்தார்கள். துடுப்புப் போடுகிற பக்கம்தான் வள்ளம் போகும், ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கென்ன விசரா என்று காக்கா கடைசியில் என்மீது பாய்ந்தார்.

அதன் பிறகுதான் சவர்க்காரக் குழாயைப் பற்றிச் சொன்னேன். இளநீர் எல்லாம் கந்தோருக்கு வந்ததால், மட்டிக் கரைக்குப் பயமில்லை என்று நாளைக்குக் கையெழுத்தாகப் போகிறது என்றும் சொன்னேன். ராத்தாவின் சிரிப்பு நின்றது. கை மட்டிக் கூடைக்குள் போய் அப்படியே இருந்தது.

“அப்ப நாங்க கொண்டு வந்து விட்டதாலயா…” என்றவர் வசனத்தை முடிக்கவில்லை. “காக்கா, அந்த இளநீரத் திருப்பித் தண்ணியில போடுங்கோ!”

“எந்த இடத்தில எடுத்தனாங்கள் எண்டு இப்ப ஆருக்குத் தெரியும்?” என்றார் காக்கா. அந்தக் கேள்விக்கு எங்கள் பொறியியலாளராலும் கணக்குப் போட்டிருக்க முடியாது.

வள்ளத்திலிருந்து இறங்கி நேரே பொறியியலாளருடைய வீட்டுக்குப் போனேன். சாய்மனைக் கதிரையில் அறிக்கையைக் கடைசித் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“எத்தனை இளநீர் தானாக வந்தது?”

“ஒண்டும் வந்திராது போல கிடக்கு, சேர்.”

“அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் என்னத்தை அளந்தனாங்கள்?”

“சனத்தின்ர நல்ல மனசை.”

“அதுக்கு அலகு என்ன?” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பேசாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் எழுந்து கந்தோருக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். சுவரிலிருந்த படத்துக்கு முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். “நீர் நல்ல வடிவா வரைஞ்சிருக்கிறீர், தம்பி. அதுதான் துக்கம்” என்றார். என்னைப் பொறுத்தவரை என் பெயர் அட்லஸிலிருந்து அழிந்தது அந்தக் கோட்டோடுதான்.

திங்கட்கிழமை வந்த அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. அன்றிரவு ரயிலிலேயே திரும்புவதற்கு இடம் பதிந்து வந்த மனிதர். மறுநாள் வரை நிற்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: செவ்வாய் மாலைக்குள் கடல் தன் கருத்தைச் சொல்லாவிட்டால், சிவப்புக் கோடு போட்ட படத்திலேயே கையெழுத்து வைத்துவிடுவார்.

ஆகவே ஒரே மாலைக்குள் துறைமுகத்திலுள்ள எல்லோரிடமும் போய், தயவுசெய்து எங்களுக்கு உதவி செய்யாதீர்கள் என்று கேட்கவேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சிரமமான வேலையை நான் செய்ததில்லை. மூதூர் லோஞ்சுத் துறையில் சொன்னேன். “துலைஞ்சாலும் பரவாயில்லையோ?” என்று இரக்கத்தோடு கேட்டார்கள். கிண்ணியாவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதற்குள்ளேயே அது வெடிக்கும் இளநீர் என்று ஒரு கதை பரவிவிட்டது. ஒலிபெருக்கி போய்ச் சேராத இடங்களுக்கு மட்டி ராத்தா போய்ச் சேர்ந்தார்.

செவ்வாய் விடியக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. குழாய் வரப்போகிற இடத்தில் ஒரு தொகுதி இளநீரை இறக்கினோம். துறைமுக வாயடியில், மாற்றிடமாகப் பொறியியலாளர் யோசித்து வைத்திருந்த இன்னோர் இடத்தில், இன்னொரு தொகுதி. லோஞ்சின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதிகாரியும் பொறியியலாளரும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வள்ளங்கள் வரத் தொடங்கின. கிண்ணியாவிலிருந்து வந்தன, நகரத்துப் பக்கத்திலிருந்தும் வந்தன. நான் தலையில் கை வைத்தேன். ஆனால் ஒருவரும் இளநீரைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, துடுப்பை உள்ளே எடுத்துவைத்து, இளநீரோடு சேர்ந்து தாங்களும் மிதந்தார்கள். காவலாம்! வேறு யாரும் தொட்டுவிடக் கூடாதாம்! பின்னாலேயே போகப் பெற்றோல் இல்லாமல் நாங்கள் கைவிட்ட வேலையை ஊர் ஒரு சதமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. எங்கள் காக்கா துடுப்பை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“ஆரும் கை வைக்கப்படாது! கந்தோர்த் தம்பி சொல்லிப்போட்டார்! வைச்சா மண்டை பிளக்கும்!”

நடுவில் மூதூர் லோஞ்சு வந்தது. அதன் அலை இளநீரைத் தள்ளிவிடும் என்று நான் கத்துவதற்கு முன்பே காக்கா கத்தினார். லோஞ்சு இயந்திரத்தை நிறுத்தியது. பயணிகளும் அரிசி மூட்டைகளும் கால் கட்டிய கோழிகளும் நடுக்கடலில் காத்து நிற்க, என்னுடைய இளநீர்கள் ஊர்வலத்துச் சுவாமி மாதிரி ஆடி அசைந்து கடந்துபோயின. ஒருவரும் ஒரு முணுமுணுப்புக் காட்டவில்லை. கோழிகள் மட்டும் ஏதோ சொல்லின.

கொஞ்சத் தூரம் முதல் தொகுதி இளநீர்கள் எங்கள் கந்தோரை நோக்கித்தான் போயின. பொறியியலாளரின் கழுத்து நீண்டது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல, மெல்லத் திரும்பின. கிண்ணியாக் கரைப் பக்கம். ஒன்றின் பின் ஒன்றாக எல்லாம் திரும்பின. வள்ளங்களில் இருந்த கலகலப்பு குறைந்துகொண்டு வந்தது. அவை எங்கே போகின்றன என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

வெயில் ஏறியபோது முதலாவது இளநீர் ஆழமில்லாத தண்ணீருக்குள் வந்தது. அங்கே பெண்கள் மட்டி எடுத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் எங்கள் ராத்தா. நாங்கள் லோஞ்சை விட்டு வள்ளத்துக்கு மாறி, அதுவும் தரை தட்டியதும் தண்ணீரில் இறங்கி நடந்தோம். அதிகாரியின் காற்சட்டை முழங்கால் வரை நனைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இளநீர் ஆடி ஆடி வந்து ராத்தாவின் கூடையில் இடித்து நின்றது. இடித்ததற்கு என்ன அர்த்தம் என்று அங்கே அவரைவிட நன்றாக விளங்கியவர் யாருமில்லை. கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும் அந்த அர்த்தம் அகன்றுபோக. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

“நான் தொடேல்ல! எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ, நான் தொடேல்ல!”

அப்படியே கையைத் தூக்கியபடி நின்றார். இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. அதிகாரி இளநீரையும் பார்த்தார், கூடையிலிருந்த மட்டியையும் பார்த்தார், தூக்கிய கைகளையும் பார்த்தார். பிறகு பொறியியலாளரிடம் திரும்பி, மற்றத் தொகுதி என்ன ஆனது என்று கேட்டார்.

அது துறைமுக வாயைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போய்விட்டது. அதற்குக் காவல் போன வள்ளக்காரர் கடமையில் அவ்வளவு கண்ணாக இருந்ததால் தானும் கூடவே போய்க்கொண்டிருந்தார். கரையில் நின்று துணியை ஆட்டி, கூக்குரல் போட்டு அவரைத் திருப்பி எடுக்கவேண்டியதாயிற்று.

“குழாய் அங்கே” என்றார் அதிகாரி. “நீளம் கூடும். கூடட்டும்.”

அதைக் கேட்ட பிறகுதான் ராத்தா கையை இறக்கினார்.

காக்கா ஓர் இளநீரைத் தூக்கி உச்சியைச் சீவி அதிகாரியிடம் நீட்டினார். முக்கோணத்தைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். “அளவை முடிஞ்சுது, சேர். இனி அது வெறும் இளநீர்தான்” என்றார் எங்கள் பொறியியலாளர். அதிகாரி குடித்தார். அன்றைக்குக் கடலில் மிதந்த அரசாங்கச் சொத்து முழுவதும் முறைப்படி குடித்துத் தீர்க்கப்பட்டது. நான் போட்ட சிவப்பு வளையம் பலருடைய உதட்டில் ஒட்டியிருந்தது.

தொழிற்சாலை பிறகு ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வந்தது. அதன் சவர்க்காரம் நுரைப்பதற்குப் பெரிதாக ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. குழாய் மட்டும் வாயடியில் இருக்கிறது. கிண்ணியாவில் மட்டி இன்னும் கிடைக்கிறது. நான் புதிதாக வரைந்த படத்தில் ஓர் அம்புகூட எங்கள் கந்தோரைப் பார்க்கவில்லை. முதற்படத்தைவிட அழகு குறைவுதான். பொறியியலாளர் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, “இது கடல் மாதிரிக் கிடக்கு” என்றார்.

இன்றைக்கும் நான் போடும் கணக்கெல்லாம் நான் விரும்பிய விடையை நோக்கியே ஓடி வந்தால், நான் சொல்வதற்கெல்லாம் எதிரில் இருப்பவர் ஓம் ஓம் என்று தலையாட்டினால், உடனே சந்தோஷப்படாமல், எங்கோ ஒரு நல்ல மனம் இதைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்குமோ என்று ஒருதரம் வெளியே எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.